டேக் அறுக்காத துப்பாக்கி

இருக்கிறது, உமையாள். ஒன்று இருக்கிறது. வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், பையன் கையை விடாமல் கேட்டீர்களே, "தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டுல துப்பாக்கி ஏதாவது இருக்கா?" என்று. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இங்கே எல்லா அம்மாக்களும் கேட்பதுதான். குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா, வீட்டில் நாய் உண்டா, துப்பாக்கி உண்டா. இதே வரிசையில்தான் கேட்பார்கள், நாய்க்கு அடுத்தபடியாக. நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். கெட்டிக்காரிதான்.

உள்ளே வாருங்கள். மாடியில், பூட்டித்தான் வைத்திருக்கிறேன். குழந்தைகள் இரண்டும் இதோ இந்தக் கம்பளத்தில், நம் கண்ணெதிரே விளையாடட்டும். பாருங்கள், நான் சொல்வதற்கு முன்னாலேயே உங்கள் சாத்தப்பன் ரயில் பெட்டிகளைக் கொட்டியாகிவிட்டது. ஆரபி சிரிக்கிறாள், பார்த்தீர்களா? அவள் இப்படிச் சிரித்து எத்தனை... சரி, அதை விடுங்கள். டீக்குச் சர்க்கரை எவ்வளவு?

நான் சொல்ல வந்தது வேறு. துப்பாக்கி இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன விலைக்கு வாங்கினாய் வசுமதி, என்று ஒருத்தி, ஒரே ஒருத்தி கேட்டிருப்பாளா? அதையல்லவா கேட்க வேண்டும். என் வயிற்றெரிச்சல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். போன வருடம் தீபாவளிக்கு முன்னால் இந்தப் பக்கம் நம் ஆட்கள் வீடாகப் பார்த்துப் பார்த்துத் திருட்டு. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று இந்த ஊர்த் திருடனும் படித்துவிட்டான். அடுத்த தெரு ஸ்ரீலதா குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் வீட்டையே கவிழ்த்துவிட்டார்கள். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு வளையலை எடுத்திருக்கிறான். பக்கத்திலிருந்த உளுந்து டப்பாவைத் தொடவே இல்லை. நாம் அரிசியில்தான் ஒளித்துவைப்போம் என்பதுவரை தெரிந்த திருடன். இவ்வளவு படித்தவனுக்கு இங்கே ஒரு வேலை கொடுக்கக்கூடாதா?

என் வீட்டுக்காரர் தில்லைநாதனைத்தான் உங்களுக்குத் தெரியுமே. திங்கட்கிழமை விடிந்தால் விமானம் ஏறுவார், வியாழக்கிழமை இருட்டிய பிறகு பெட்டியோடு வந்து இறங்குவார். நடுவில் இந்தப் பெரிய வீட்டில் நானும் நாலு வயதுக் குழந்தையும். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து, நாற்காலி மேல் பிரஷர் குக்கரை வைத்துவிட்டுப் படுப்பேன். எவனாவது தள்ளினால் குக்கர் உருண்டு என்னை எழுப்பும் என்று ஒரு கணக்கு. ஒரு நாள் எவனும் தள்ளாமலே உருண்டது. ஆரபியை வாரிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தவள், வெளிச்சம் வந்த பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தேன். காற்றுதான். குக்கர் மூடி நசுங்கிப்போய் இன்றுவரை விசில் வருவதில்லை.

இந்த நேரத்தில்தான் தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. துப்பாக்கிக்குப் புதுச் சட்டம் வரப்போகிறது, விசாவில் இருப்பவர்கள் இனிமேல் எந்த வழியிலும் வாங்க முடியாது, மாநில சட்டசபையில் மசோதா தயாராகிவிட்டது, நிறையப் பேருக்கு அனுப்பவும். நிறையப் பேருக்கு அனுப்பினார்கள். எனக்கே எட்டு இடத்திலிருந்து வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதுவரை துப்பாக்கி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குக்கர்தான் தோன்றியது. ஆனால் நாளைக்குக் கிடைக்காது என்று ஒருவர் சொன்னதும், அது இல்லாமல் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தோம் என்று ஆகிவிட்டது.

விசாக்காரர்கள் எப்படி வாங்குவது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை. நம்மைப் போன்றவர்களுக்குத் துப்பாக்கி விற்கக்கூடாது. ஆனால் வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் விற்கலாம். திருடனுக்குப் பயந்து வாங்கினால் குற்றம், மானைக் கொல்ல வாங்கினால் தாராளமாக வாங்கலாம். என் வீட்டுக்காரர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கை மோந்து பார்த்தே கண்டுபிடிப்பார். அவர் மடியில் தயிர்சாதத் தட்டை வைத்துக்கொண்டு, இதே சோபாவில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வேட்டைப் பாடம் படித்தார். மானை எந்த இடத்தில் சுட்டால் சட்டென்று உயிர் போகும் என்று ஒரு பாடம் வந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார். அப்படியும் நல்ல மார்க். திருநெல்வேலியில் என் மாமியாருக்கு இன்றுவரை தெரியாது, தன் மகன் அரசாங்க முத்திரை குத்திய வேட்டைக்காரன் என்று.

லைசென்ஸ் கையில் வந்த சனிக்கிழமையே கடைக்குப் போனோம். அட்சய திருதியைக்கு நகைக்கடை பார்த்திருப்பீர்களே, அப்படி ஒரு கூட்டம். கண்ணாடி அலமாரியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஆள் மேல் ஆள். "அது, அந்தக் கருப்பு, அதுக்குப் பக்கத்துல" என்று விரல் நீட்டுகிறவர்கள். செய்கூலி, சேதாரம் மட்டும்தான் சொல்லவில்லை. முதலாளி பெயர் டேல். தொங்கு மீசை, பேன்ட்டைத் தோளிலிருந்து வாரால் தொங்கவிட்ட வயசாளி, வாய் நிறைய மேடம் மேடம். எனக்கு முதலில் அவரைப் பிடித்துத்தான் போயிற்று. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதுமே ஏமாறுவேன். கான்வென்டில் வளர்த்த வளர்ப்பு அப்படி.

ஒரு சின்னத் துப்பாக்கியை எடுத்துக் கையில் கொடுத்தார். சின்னதுதான், என் கைக்கு அடங்குவது. நான் துப்பாக்கியையா பார்த்தேன், அதில் தொங்கிய விலைச் சீட்டைப் பார்த்தேன். எண்ணூற்றுத் தொண்ணூறு டாலர். ஆனால் ஸ்டிக்கர் கொஞ்சம் தடிமனாக இருந்தது, உமையாள். நமக்குத் தெரியாதா? நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன். அதன் கீழே எழுநூறு. அதையும் சுரண்டினேன், அதன் கீழே ஐந்நூற்றைம்பது. அடியோடு அடியாக, பழுப்பேறிப் போய், முந்நூற்று எண்பது. வெங்காயம் உரிப்பதைப் போல உரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

"இது என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

டேல் உரித்த ஸ்டிக்கர்களை என் விரலிலிருந்து பணிவாக வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "மசோதா, மேடம்," என்றார். "நான் ஏத்தலை. பயம் ஏத்துது. சட்டம் வந்துட்டா இந்த விலைக்கும் கிடைக்காது."

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பார்த்தால், பொங்கலுக்கு முதல் நாள் ஆம்னி பஸ்காரன் சொல்வதுதான். "நாங்க ஏத்தலைம்மா, கூட்டம் ஏத்துது." அவனாவது ஏசி போடுவான்.

நான் பேரம் பேசிப் பார்த்தேன். திருச்சியில் எங்கள் அம்மாவோடு தெப்பக்குளம் கடைகளில் பழகிய வாய் இது, சும்மா இருக்குமா? பாதியில் ஆரம்பித்தேன். டேலுக்குப் புரியவே இல்லை. நான் ஏதோ கணக்குத் தெரியாமல் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப விலையைச் சொன்னார். வேண்டாம் என்று வாசல்வரை நடந்தும் பார்த்தேன். நம் ஊரில் கூப்பிடுவார்கள் இல்லையா? இவர் கூப்பிடவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ரோஜாப்பூத் தொப்பிக்காரி அதைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் கையில் அதைப் பார்த்ததும், ஐயோ, என் துப்பாக்கியை எடுத்துவிட்டாளே என்று ஓடிவந்து பிடுங்கினேன். என் துப்பாக்கி! முந்தின நிமிடம்வரை வேண்டாம் என்று போனவள்தான்.

என் வீட்டுக்காரர் கவுன்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த தாடிக்காரர் அவரிடம் அன்பாக விசாரித்தார், மான் கறியை உங்கள் ஊரில் எப்படிச் சமைப்பீர்கள் என்று. பாவம், இவர் யோசித்துவிட்டு, சாம்பாரில் போடுவோம் என்று சொல்லிவிட்டார். தாடிக்காரர் செய்முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். எங்கேயோ ஒரு மான் இன்று முருங்கைக்காயோடு கொதித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் குண்டு. அது தனி விலை, அதுவும் மூன்று மடங்கு, அதுவும் ஆளுக்கு ஒரு பெட்டிதான். நான் ஒன்று, அவர் ஒன்று வாங்கினோம். ஆரபியும் ஓர் ஆள்தானே, தள்ளுவண்டியில் உட்கார்ந்து வரிசையில் நின்றவள்தானே, அவளுக்கும் ஒன்று கொடுங்கள் என்று வாதாடினேன். டேல் மாட்டேன் என்றுவிட்டார். விமானத்தில் டிக்கெட் வாங்க ஆள், குண்டு வாங்கினால் மட்டும் ஆள் இல்லையாம். என்ன நியாயம்?

கடைசியாகப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். கைவிரலை வைத்தால் திறக்குமாம். குழந்தை இருக்கிற வீடு, இது இல்லாமல் அனுப்ப எனக்கு மனசு இல்லை, மேடம், என்று கொஞ்சம் குரலைக்கூடத் தாழ்த்தினார். விலையைப் பார்த்தேன். அதிலும் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர். நான் சிரித்துவிட்டேன், உமையாள். துப்பாக்கியில் ஏமாந்தோம், குண்டில் ஏமாந்தோம், பெட்டியிலுமா? வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். அன்றைக்கு அந்தக் கடையில் நான் ஜெயித்த ஒரே இடம் அதுதான். நம்மிடம் இல்லாத பெட்டியா?

இவ்வளவு தெரிந்தும் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். ஒரே தைரியம்தான். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அமெரிக்காவில் எதைத்தான் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்கள்? கொலுவுக்கு வாங்கிய படியலமாரியைக் கொலு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தவள் நான். மாமனார் மாமியார் வந்திருந்தபோது வாங்கிய மெத்தை, அவர்கள் விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கேள்வி கேட்டதில்லை. சட்டம் வந்தால் வைத்துக்கொள்வோம், வராவிட்டால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வோம். டேல் ஏற்றிய விலை டேல் தலையிலேயே விடியட்டும். அதற்காகத்தான் டேக்கைக்கூட அறுக்காமல் வைத்தேன். பிளாஸ்டிக் உறை கலையாமல், பில் கசங்காமல். இன்றைக்கும் அந்த டேக் அப்படியே தொங்குகிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

வேண்டாமா? சரி, உட்காருங்கள், டீ ஆறுகிறது.

மசோதா என்ன ஆயிற்று தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை. ஏதோ கமிட்டிக்குப் போனது, அங்கேயே படுத்துவிட்டது. சட்டம் வருகிறது என்று எட்டுப் பேர் அனுப்பினார்கள், படுத்துவிட்டது என்று ஒருத்தரும் அனுப்பவில்லை. கடையில் மட்டும் உடனே தெரிந்துவிட்டது. அதே மாதிரித் துப்பாக்கி, அதே அலமாரியில், முந்நூற்று நாற்பதுக்குத் தொங்குகிறது. பழைய விலையைவிடவும் குறைவு. தள்ளுபடி என்று சிவப்பு மையில் எழுதி வேறு வைத்திருந்தார்.

பில்லோடும் டேக்கோடும் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், மரியாதை கிடைக்கட்டும் என்று. டேல் பில்லைப் படித்தார், துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ரொம்ப அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு சொன்னார், "துப்பாக்கி கடை வாசலைத் தாண்டிட்டா பழசுதான், மேடம். திரும்ப எடுக்கறதில்லை. வேணும்னா இருநூறுக்கு நான் வாங்கிக்கறேன்."

"ஒரு தடவை கூடச் சுடவில்லையே!" என்றேன்.

"அது உங்க வருத்தம், மேடம்," என்றார்.

மடிப்புக் கலையாத பட்டுப்புடவையைப் பழைய துணிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கிளம்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இன்டர்நெட்டில் அந்தக் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, நாலு பத்தி எழுதினேன். எங்கள் பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ், ஒரு காற்புள்ளி தப்பாது. பயந்த பெண்களின் பயத்தைக் காசாக்குவது எந்த வேதத்தில் நியாயம் என்று முடித்தேன். எனக்கே புல்லரித்தது. டேல் அதன் கீழேயே பதில் போட்டார்: உங்கள் அழகான கடிதத்துக்கு நன்றி, பாதுகாப்பாக இருங்கள், இந்த வாரம் குண்டுகள் இரண்டு பெட்டி வாங்கினால் ஒன்று இலவசம்.

போலீஸ் ஒரு முகாம் நடத்தியது, தேவையில்லாத துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம் என்று. அங்கேயும் விசாரித்தேன். நூறு டாலருக்கு மளிகைக்கடைக் கூப்பன் தருவார்களாம். என் வீட்டுக்காரர் கெஞ்சினார், "கொடுத்துத் தொலைச்சுடலாம் வசு, நிம்மதியா இருக்கலாம்" என்று. தொலைப்பதற்கு நாம் என்ன ஜமீன் வீடா என்று கேட்டேன். எண்ணூற்றுத் தொண்ணூறு போட்டு வாங்கியதைக் கொடுத்துவிட்டு, அந்தக் கூப்பனில் துவரம்பருப்பு வாங்கிப் பொங்குவதா? அந்தப் பருப்பு தொண்டையில் இறங்குமா? போட்ட பணம் வராமல் அந்தப் பொருள் இந்த வீட்டுப் படி இறங்காது என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

இல்லை, இல்லை, அவன் எடுத்துக்கொள்ளட்டும், அந்தப் பை அவனுக்குத்தான். சாத்தப்பா, உள்ளே பென்சில், பலூன், சின்னக் கார் எல்லாம் இருக்கிறது பார். ஆரபி பிறந்தநாளுக்கு வருகிற குழந்தைகளுக்குக் கொடுக்க வாங்கியது. மிச்சம் இருக்கிறது. உங்கள் பையனுக்கு இரண்டு பை வேண்டுமானாலும் கொடுக்கலாம். நிறையவே மிச்சம்.

அது என்னவென்றால், உமையாள், இந்த ஊர்க் குழந்தைகளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் பியானோ வகுப்பு வந்துவிடுகிறது. முதலில் ஸ்ரீலதாவின் பெண். தினம் சாயங்காலம் வந்து கொண்டிருந்தவள். அவளுடைய அம்மா ஒரு நாள் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள், நானும் இருக்கிறது என்று சொன்னேன். கான்வென்டில் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. மறுநாளே பியானோ. அப்புறம் எதிர்வீட்டு மேகனுடைய இரட்டைப் பிள்ளைகள், அவர்களுக்கு நீச்சல். பின்வீட்டுக் கரோலின் மகனுக்குச் சளி, மூன்று மாதமாக ஒரே சளி. பிறந்தநாளன்று கேக்கை வெட்டாமல் அந்த ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தாள் ஆரபி. கடைசியில் நானும் அவள் அப்பாவும் தொப்பி போட்டுக்கொண்டு கை தட்டினோம். இப்போதெல்லாம் பொம்மைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் கேட்கிறாள், "உங்க அம்மா உன்னை விட்டாங்களா?" என்று. எனக்கு இந்த அம்மாக்களைத்தான் புரியவே இல்லை. கடையில் என்னுடையதை விட்டுவிட்டு வேறொரு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனாளே ரோஜாப்பூத் தொப்பிக்காரி, அவள் வீட்டுக் குழந்தைகளோடு மட்டும் யாரும் விளையாடாமலா இருக்கிறார்கள்?

அதனால்தான் நீங்கள் இந்தத் தெருவின் அந்தக் கோடிக்குக் குடிவந்த அன்றே வந்து கதவைத் தட்டினேன். பையன் ஆரபி வயது என்றதும் எனக்கு ஊரே வந்து இறங்கியது மாதிரி இருந்தது. தினமும் கொண்டுவந்து விடுங்கள். நீங்கள் கடைக்குப் போக வேண்டுமா, நிம்மதியாகத் தூங்க வேண்டுமா, போங்கள். நான் சாப்பாடு ஊட்டிவிடுகிறேன்.

இன்னொன்றும் யோசித்தேன். உங்கள் வீட்டுக்காரரும் வாரம் முழுக்க வெளியூர்தானே? தனியாகத்தானே இருக்கிறீர்கள்? கழுத்தில் அவ்வளவு கனமாகச் சங்கிலி போட்டுக்கொண்டு குப்பை கொட்ட வருகிறீர்கள், நானே பார்த்தேன். திருடனும் பார்ப்பான் இல்லையா? மறுபடியும் மசோதா கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. இந்தத் தடவை நிச்சயம் என்கிறார்கள். வேட்டை லைசென்ஸுக்கு நானே உதவி செய்கிறேன், பாடமெல்லாம் இவருக்கு மனப்பாடம். நம் ஆளுக்கு நம் ஆள்தான் செய்ய வேண்டும். டேல் கடைக்குப் போய் ஏமாறாதீர்கள். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து நூறு.

எண்ணூற்றுத் தொண்ணூறு நான் வாங்கிய விலை. குண்டு இரண்டு பெட்டி இருக்கிறது, அது தனி. கடைக்கு அலைந்த பெட்ரோல் இருக்கிறது. இத்தனை மாதம் வீட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன், அந்த மனக் கஷ்டத்துக்கு ஒரு விலை வேண்டாமா? நான் ஏற்றவில்லை, உமையாள். சட்டம் வந்துவிட்டால் இந்த விலைக்கும் கிடைக்காது.

எங்கே வைத்திருக்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? எங்கள் படுக்கையறை அலமாரியில்தான். கீழ்த்தட்டு. மேல்தட்டு எனக்கு எட்டாது. கல்யாணத்துக்கு எங்கள் மாமா வாங்கிக்கொடுத்த சூட்கேஸ், நம்பர் பூட்டு போட்டது, அசைக்க முடியாது. நம்பரா? மறந்து போகக்கூடாது என்று ஆரபி பிறந்த தேதியைத்தான் வைத்திருக்கிறேன். அவசரத்தில் சட்டென்று வர வேண்டும் இல்லையா? ஆரபி, ஆன்ட்டிக்கு உன் பிறந்த தேதியைச் சொல்லு. பார்த்தீர்களா, எவ்வளவு கணீரென்று சொல்கிறாள். ஸ்கூலில் சேர்க்கும்போது கேட்பார்கள் என்று தினமும் சொல்லவைக்கிறேன். எழுதக்கூடத் தெரியும்.

குண்டு தனியாகத்தான் இருக்கிறது. பெட்டியில். டேல் திரும்ப எடுக்க மாட்டேன் என்ற அன்று ராத்திரி, இவர் உள்ளே எத்தனை போகும் என்று போட்டுப் பார்த்தார். திரும்ப எடுத்தாரா... எடுத்திருப்பார். அதற்கப்புறம் நாங்கள் யாரும் அதைத் தொடவில்லையே. டேக் இருக்கிறது, கசங்கிவிடும். நானும் ஆரபியும் இப்போது கீழே இந்த ஹாலில்தான் படுக்கிறோம். மாடியில் ஏசி சரியாக வருவதில்லை.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? டீயை அப்படியே வைத்துவிட்டீர்களே. சாத்தப்பனுக்கு என்ன அவசரம், இப்போதுதானே ரயில் ஓட ஆரம்பித்தது. அழுகிறான் பாருங்கள், அவனுக்கே போக இஷ்டமில்லை. விலை ஜாஸ்தி என்று நினைக்கிறீர்கள், இல்லையா? வாய் திறந்து சொன்னால்தானே தெரியும். நான் என்ன டேலா? சரி, மனக் கஷ்டத்தைக் கழித்துவிடுகிறேன். ஆயிரம். பெட்ரோலும் வேண்டாம், தொள்ளாயிரம், குண்டு சேர்த்து.

பியானோவா? உங்கள் பையனுக்குமா? வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் பியானோ எங்கிருந்து வந்தது, உமையாள்?

இருங்கள், அந்தக் கதவு இறுக்கும், நான் திறந்துவிடுகிறேன். எழுநூறு. நஷ்டம்தான், போகட்டும், அக்கம்பக்கத்துக்காரர். செருப்பை மாற்றிப் போட்டுவிட்டீர்கள், அவனுக்குக் கால் வலிக்கும். ஐந்நூறு என்றால்? சரி, டேல் கொடுக்கிறேன் என்றாரே, அந்த இருநூறு, அதையே கொடுங்கள். இல்லை, கூப்பன். கூப்பனாகக் கொடுத்தால்கூடப் போதும்.

உமையாள், காரில் ஏறாதீர்கள். ஒரு நிமிடம். சும்மா எடுத்துக்கொண்டு போங்கள். நிஜமாகவே சும்மா. எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுங்கள், நான் கேட்கவே மாட்டேன். பையனை மட்டும் இறக்கிவிடுங்கள். அரை மணி நேரம் விளையாடட்டும்.

ஆரபி, டாட்டா காட்டாதே. அவன் இன்னும் போகவில்லை.